பேய் பிடிபட்டது, பூசாரி தப்பினான்

சென்ற மாதத்தில் ஓர் இரவு நமது ஊர்ப் படிப்பகத்தில் பழைய அமெரிக்கப் படம் ஒன்று திரையிடப்பட்டது. 1941-ம் வருஷத்தில் மோனோகிராம் என்னும் கம்பெனியார் எடுத்த "ஸ்பூக்ஸ் ரன் வைல்டு" என்ற படம் அது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் சிறு படம். படம் முடிந்ததும் தோழர் ஒருவர் எழுந்து, "இதுவல்லவோ பகுத்தறிவுப் படம்! பேய் என்பது புரட்டு என்று எண்பது வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார்களே! இந்த மாதிரிப் படங்களை ஊர் ஊராய்க் காட்டினால் நமது வேலை பாதி முடிந்துவிடுமே" என்று பேசினார். கூட்டம் கைதட்டிற்று. நாமும் தட்டினோம். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, தட்டியது சரிதானா என்கின்ற சந்தேகம் நம்மைத் தூங்கவிடவில்லை. அந்தச் சந்தேகத்தைத்தான் இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

அப்படங்களுக்கு ஒரு யோக்கியதை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகின்றோம்.

1930-களில் அமெரிக்காவில் வியாபாரமெல்லாம் படுத்துப்போய், ஜனங்கள் கையில் காசில்லாதிருந்த காலத்தில், கொட்டகைக்காரர்கள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கினார்கள். ஒன்று பெரிய நடிகர்களின் பெரிய படம். மற்றொன்று, கொசுறு. பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. கொசுறுப் படத்துக்கோ நிர்ணயமான வாடகைதான். படம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் அந்த வாடகைக்குமேல் ஒரு காசு வராது. ஆகவே கொசுறுப் படம் எடுக்கிற முதலாளிக்கு லாபம் என்பது செலவைக் குறைப்பதில்தான் இருந்தது. இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளுக்கு ஹாலிவுட்காரர்களே "வறுமைத் தெரு" என்று பரிகாசப் பெயர் வைத்திருந்தார்கள். மோனோகிராம், பி.ஆர்.சி. முதலிய கம்பெனிகள் அந்தத் தெருவாசிகள்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒரு பங்களா, ஒரு இரவு, வெளியே ஒரு புயல், சுவருக்குள் ஒரு ரகசியக் கதவு, பயந்து ஓட நாலு பேர், அவர்களைப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டம், இவை போதும். இருட்டு எதற்கென்றால் பயமுறுத்துவதற்கு மட்டுமல்ல, அட்டையில் செய்த சுவரின் ஏழ்மையை மறைப்பதற்கும்தான். எல்லாப் பேய்களுக்கும் இருட்டு எதற்குத் தேவைப்படுகின்றது என்பதை வாசகர்களே இதிலிருந்து யோசித்துக் கொள்ளலாம்.

இக்கதைகளுக்கு மூலம் நாடக மேடையில் இருக்கின்றது. ஜான் வில்லார்டு என்பவர் 1922-ல் நியூயார்க்கில் அரங்கேற்றிய "பூனையும் கானரிப் பறவையும்" என்னும் நாடகம் 1927-ல் பால் லெனி என்பவரால் ஊமைப் படமாக எடுக்கப்பட்டது. பணக்காரக் கிழவர் ஒருவர் இறந்து இருபது வருஷம் கழித்து நடுராத்திரியில் அவருடைய உயில் படிக்கப்படுகின்றது. சொத்து ஓர் இளம்பெண்ணுக்கு. ஆனால் அவளுக்குப் புத்தி சுவாதீனம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சொத்து அடுத்த வாரிசுக்குப் போகும் என்பது நிபந்தனை. அவ்வளவுதான், அன்று இரவே பங்களாவில் பேய் நடமாடத் தொடங்கிவிடுகின்றது! படுக்கையின் தலைமாட்டுச் சுவரிலிருந்து நகமுள்ள கை நீளுகின்றது. கடைசியில் பிடித்துப் பார்த்தால் அந்தப் பேய் வேறு யாருமல்ல, அடுத்த வாரிசாக இருக்கும் உறவுக்காரன். பேயின் சங்கதி முழுவதும் ஒரு சொத்து வழக்காக முடிகின்றது. இதைவிடச் சுருக்கமாக எந்தப் பிரசங்கியாவது பேயை விளக்கியிருக்கிறானா?

அதற்குப் பிறகு வறுமைத் தெருக்காரர்கள் எடுத்த படங்கள் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்தவையே. 1943-ல் வந்த "கோஸ்ட்ஸ் ஆன் தி லூஸ்" என்ற படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். புதிதாய்க் கல்யாணமான ஜோடி ஒன்று வீடு வாங்குகின்றது. பக்கத்து வீட்டில் பேய் இருப்பதாக வதந்தி. உள்ளே போய்ப் பார்த்தால், ஹிட்லர் கட்சியின் ஒற்றர்கள் நிலவறையில் அச்சு யந்திரம் வைத்துத் துண்டுப் பிரசுரம் அடித்துக் கொண்டிருக்கின்றார்கள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்காமலிருக்கப் பேய் என்ற வதந்தி அவர்களுக்குக் காவல்காரன், கூலியில்லாத காவல்காரன். அந்த மணப்பெண்ணாக நடித்தவர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஏவா கார்ட்னர்.

நமது படிப்பகத்தில் காட்டிய படமோ இதைவிட ஒரு படி மேலானது. நியூயார்க்குச் சேரிப் பையன்கள் சிலர் மலைக்கு முகாமுக்கு அனுப்பப்படுகின்றார்கள். அந்தப் பக்கத்தில் கொலைகாரப் பூதம் ஒன்று உலாவுவதாகச் செய்தி. பாழடைந்த பங்களாவுக்குக் கறுப்பு அங்கி போட்ட ஒருவர், ஒரு குள்ள மனிதரையும் கூட்டிக்கொண்டு வந்து சேருகின்றார். அவராக நடித்தவர் பேலா லுகோசி. ஹங்கேரி நாட்டார். 1931-ல் "டிராகுலா" படத்தில் ரத்தம் குடிக்கும் பிரபுவாக வந்தவர். அந்த முகத்தையும் அந்த அன்னிய நாட்டு உச்சரிப்பையும் கண்டதுமே கொட்டகை முழுவதும் "இவன்தான் கொலைகாரன்" என்று தீர்மானித்துவிடும். ஆனால் அவர் வெறும் மாயவித்தைக்காரர். ஒரு பாவமும் அறியாதவர். கொலைகாரன் யார் தெரியுமா? "நான் பூதத்தைப் பிடிக்க வந்திருக்கிறேன், பூதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன்" என்று சொல்லிக்கொண்டு வருகின்ற டாக்டர் வான் குரோஷ் என்பவனேதான்!

பேயைப் பிடிக்க வந்தவன்தான் பேய். இந்த இடம் வந்தபோதுதான் நமது படிப்பகத்தில் கைதட்டல் கூரையைத் தொட்டது. தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வான் குரோஷின் முகம் தெரியவில்லை, அவரவர் ஊரில் வேப்பிலையும் உடுக்கையுமாய் வந்து காசு பறித்துப் போன பேயோட்டியின் முகம்தான் தெரிந்தது என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க. இனி நமது சந்தேகத்துக்கு வருவோம்.

இந்த ரகத்தில் நாம் தேடிப் பார்த்த படங்களிலெல்லாம் பேய் வேஷம் போட்டவன் யார் யார் என்று கணக்கெடுத்தோம். உறவுக்காரன் இருக்கின்றான், டாக்டர் இருக்கின்றான், வக்கீல் இருக்கின்றான், ஒற்றன் இருக்கின்றான், வீட்டு வேலைக்காரன் இருக்கின்றான். ஒருவன் மட்டும் இல்லை. அவன்தான் பாதிரி! அமெரிக்காவில் பேய் பிசாசு பற்றியும், சாத்தான் பற்றியும், நரக நெருப்புப் பற்றியும் வாரந்தோறும் பேசிச் சம்பளம் வாங்குகின்றவன் யாரோ, அவன் ஒருவன் மட்டும் இந்த இருட்டுப் பங்களாவுக்குள் குற்றவாளியாகக் கால் வைக்கவேயில்லை. அங்கே பாதிரிகள் எல்லோரும் அவ்வளவு யோக்கியர்களா என்று கேட்கின்றோம்.

காரணம் யோக்கியதையல்ல. காரணம் ஒரு சட்டம். 1930-ல் அமெரிக்கப் பட முதலாளிகள் சங்கம் "படத் தயாரிப்பு விதி" என்று ஒன்றை ஏற்றுக் கொண்டது. அதை எழுதியவர்கள் யார்? ஒருவர் டேனியல் லார்டு என்னும் ஏசு சபைப் பாதிரி. மற்றவர் மார்ட்டின் குவிக்லி என்னும் கத்தோலிக்கர், சினிமாத் தொழில் பத்திரிகை முதலாளி. எந்த மதத்தையும் பரிகசிக்கக் கூடாது என்றும், மதகுருவைக் கோமாளியாகவோ கெட்டவனாகவோ காட்டக் கூடாது என்றும் அந்த விதியில் எழுதப்பட்டது. முதல் சில வருஷம் அது காகிதத்தில்தான் இருந்தது. 1934-ல் கத்தோலிக்கர்கள் லட்சக்கணக்கில் திரண்டு படங்களை பகிஷ்கரிப்போம் என்று மிரட்டியதும், ஜோசப் பிரீன் என்பவரைத் தலைமையாக வைத்து விதி கண்டிப்பாக அமலுக்கு வந்தது. அவருடைய ஆபீஸ் முத்திரை இல்லாமல் சங்கத்தார் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். பெரிய கொட்டகைகளில் முத்திரையில்லாத படத்துக்கு இடமே கிடையாது. 1968-ல்தான் இந்த விதி ஒழிந்தது.

ஆகவே தோழர்களே, சங்கதி இவ்வளவுதான். பேயைப் புரட்டு என்று சொல்லலாம். பேயை வைத்துப் பிழைப்பவனைப் புரட்டன் என்று சொல்லக்கூடாது. மரத்தில் ஒரு கிளையை வெட்ட அனுமதி உண்டு; அதுவும், வேரைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு. இதைப் பாதிப் பகுத்தறிவு என்று சிலர் சொல்லக்கூடும். பாதி விஷம் இறக்கப்பட்ட பாம்புக்கடிக்காரனிடம் போய் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்.

இதுவாவது போகட்டும். மற்றொன்றுதான் நம்மை அதிகம் உறுத்துவது.

அன்று படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நமக்குப் பக்கத்தில் பதினான்கு பதினைந்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நமது ஊர்ச் சேரியிலிருந்து படிப்பகத்துக்குத் தவறாமல் வருகின்றவன். படத்திலே பையன்கள் எல்லோருந்தான் பயப்படுகின்றார்கள். ஆனால் அவர்களுக்குள் கறுப்புப் பையன் ஒருவன் இருக்கின்றான். ஸ்க்ரூனோ என்பது அவனுக்கு வைத்த பெயர். அவன் பயம் மட்டும் தனி வேடிக்கையாக ஆக்கப்பட்டிருக்கின்றது. கண் பிதுங்குவதும், முழங்கால் ஆடுவதும், நாக்குக் குழறுவதும் அவன் பங்கு. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பக்கத்துப் பையன் சிரிக்கவில்லை. "ஏன் ஐயா, அந்தக் கறுப்புப் பையன் மட்டும் ஏன் அப்படிப் பயப்படுகிறான்?" என்று மெதுவாகக் கேட்டான். பின்னால் இருந்த தோழர் ஒருவர், "அதெல்லாம் சிரிப்புக்காகத் தம்பி" என்றார். பையன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. படம் முடிந்ததும் கைதட்டவுமில்லை.

சிரிப்புக்காகவாம்! யாருடைய சிரிப்புக்காக?

இந்தப் பேய்ச் சிரிப்புப் படங்களில் கறுப்பு வேலைக்காரன் ஒருவன் ஏறக்குறைய நிரந்தரமாக இருப்பான். வெள்ளைக்காரன் துணிச்சல்காரன், விஷயத்தை விசாரிக்கின்றவன். கறுப்பன் கோழை, விசாரிக்கும் புத்தியில்லாதவன், ஓடுகின்றவன். வில்லி பெஸ்ட் என்ற நல்ல நடிகருக்கு ஆரம்ப காலப் படங்களில் "தூங்கித் தின்னி" என்று பெயர் போட்டே விளம்பரம் செய்தார்கள் என்றால் அந்த முதலாளிகளின் யோக்கியதையை என்னவென்று சொல்வது? மனிதனுக்கு ஒரு பெயர் கூடவா மிச்சமில்லை?

இந்த வேஷத்தில் மிகவும் பேர் போனவர் மேன்டன் மோர்லாண்டு. லூயிசியானா மாகாணத்தில் 1902-ல் பிறந்தவர். 1944 முதல் 1949 வரை மோனோகிராம் கம்பெனியார் எடுத்த சார்லி சான் துப்பறியும் படங்கள் பலவற்றில் பர்மிங்ஹாம் பிரௌன் என்னும் காரோட்டியாக வந்து, பிணத்தைக் கண்டால் ஓடுவதையே உத்தியோகமாகச் செய்தவர். ஆனால் அவருடைய திறமையோ சாமானியமானதல்ல. பென் கார்ட்டர் என்ற மற்றொரு கறுப்பு நடிகரோடு சேர்ந்து அவர் செய்யும் ஒரு பேச்சு விளையாட்டு உண்டு. ஒருவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். முடிக்குமுன் மற்றவர் பதில் சொல்வார். அந்தப் பதிலும் முடியாது. அதற்குள் அடுத்த பேச்சு. ஒரு வாக்கியமும் முடிவதில்லை, இருவருக்கும் எல்லாம் விளங்குகின்றது, பக்கத்தில் நிற்கின்றவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எஜமானன் காதில் விழுந்தாலும் புரியாதபடி பேசக் கற்றுக்கொண்ட ஒரு ஜனத்தின் சாமர்த்தியம் அது என்றே நமக்குத் தோன்றுகின்றது. இவரே 1957-ல் நியூயார்க்கில், கறுப்பு நடிகர்களே நடித்த பெக்கெட்டின் "கோடோவுக்காகக் காத்திருத்தல்" நாடகத்தில் முக்கிய வேஷம் தாங்கினார். அதைச் செய்யத் தெரிந்த மனிதரைத்தான் வருஷக்கணக்கில் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடச் சொன்னார்கள்.

அவர் நடித்த "ஜாம்பிகளின் அரசன்" என்ற 1941-ம் வருஷத்துப் படத்தில் வேடிக்கையான ஒரு சங்கதி. விமானம் ஒரு தீவில் விழுகின்றது. அங்கே ஒரு டாக்டர், நிஜத்தில் வேற்று நாட்டு ஒற்றன். வேலைக்காரராக வரும் மோர்லாண்டு அங்கே நடைப்பிணங்களைக் கண்ணால் கண்டு வந்து எஜமானர்களிடம் சொல்லுகின்றார். எஜமானர்கள் நம்பவில்லை, சிரிக்கின்றார்கள். அவர்களோடு நாமும் சிரிக்க வேண்டும். ஆனால் கதைப்படி நடைப்பிணங்கள் அங்கே இருக்கத்தான் இருக்கின்றன. உண்மையைச் சொன்னவன் வேலைக்காரன். நேரில் கண்டதை ஆராயாமல் தள்ளியவர்கள் வெள்ளைக்காரர்கள். அப்படியிருந்தும் மூடன் பட்டம் யாருக்குக் கட்டப்பட்டது? (பிணம் நடக்கும் என்று இப்படம் கடைசிவரையில் சாதிப்பதால் பேய் விஷயத்திலும் இது உருப்படாத படம் என்பது வேறு.)

ஜாம்பி என்பது எங்கிருந்து வந்த பேச்சு என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஹெய்ட்டி தீவில் கரும்புத் தோட்டத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த ஆப்பிரிக்க மக்களிடையே பிறந்த கதை அது. செத்த பிறகும் உடம்பை எழுப்பி, புத்தியில்லாமல், கூலியில்லாமல் வேலை வாங்குவார்கள் என்பது அவர்களுடைய பயம். அந்த மக்களின் பேய் பல்லைக் காட்டிக் கடிக்க வரும் பேயல்ல. செத்தும் தீராத அடிமைத்தனமே அவர்களுக்குப் பேய். 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டியை அமெரிக்கப் பட்டாளம் ஆக்கிரமித்திருந்தது. பட்டாளத்தோடு அந்தக் கதையும் கப்பலேறி ஹாலிவுட்டுக்கு வந்து, அடிமைகளின் பேரப்பிள்ளைகளையே பரிகசிக்கும் சிரிப்புச் சாமானாயிற்று.

சார்லி சான் கதையும் இதற்கு இளைத்ததல்ல. கெட்டிக்காரச் சீனத் துப்பறிவாளர் என்று கதை. ஆனால் நடித்தவர்களோ சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்டு, அவருக்குப் பின் அமெரிக்க வெள்ளையரான சிட்னி டோலர், அவர் 1947-ல் இறந்ததும் மற்றொரு வெள்ளையரான ரோலண்டு வின்டர்ஸ். அசல் சீனர்கள் மகன் வேஷத்துக்கு மட்டும் லாயக்கு. அதுவும் தப்புத் தப்பாய் உளறும் மகன். சீனர்கள் குடியேறக்கூடாது என்று 1882-ல் போட்ட சட்டத்தை 1943-ல்தான் அமெரிக்கா ரத்து செய்தது. சட்டம் போயிற்று, வேஷம் போகவில்லை.

"அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்ணால் பார்க்கலாமா?" என்று சில பெரிய மனிதர்கள் நம்மைக் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கண்ணே இல்லையா என்று திருப்பிக் கேட்கின்றோம். 1942-லேயே கறுப்பு மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் காரியதரிசி வால்டர் ஒயிட் ஹாலிவுட்டுக்குப் போய், முதலாளிகளைச் சந்தித்து, எங்களை எப்போதும் கோமாளியாகவும் கோழையாகவும் காட்டாதீர்கள் என்று கேட்டார். அந்த வேஷத்தை நம்பிப் பிழைத்த நடிகர்கள் சிலருக்கு அவர்மீது கோபங்கூட வந்தது. சோறு போகும் என்ற பயம். அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் கேட்ட அடுத்த வருஷத்தில்தான் "கோஸ்ட்ஸ் ஆன் தி லூஸ்" வந்தது, ஸ்க்ரூனோவும் அதே முழங்கால் நடுக்கத்தோடு வந்தான். பாதிரியைக் கெட்டவனாகக் காட்டாதே என்றால் எழுத்திலே விதி. கறுப்பனைக் கோமாளியாகக் காட்டாதே என்றால் பதிலே கிடையாது. அந்த விதிப் புத்தகத்தில் கறுப்பரைப் பற்றி ஒரு வரி இருக்கத்தான் இருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைக் காட்டக்கூடாது என்பது அந்த வரி!

அப்படியானால் அந்தப் படங்களைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்லுகின்றோம். ஏனெனில், நமது வீட்டுச் சங்கதி இன்னும் மோசமாக இருக்கின்றது. வறுமைத் தெருக்காரன் கொசுறு வாடகையை நம்பி எடுத்த படத்தில் பேய் பொய். நமது தமிழ்நாட்டில் கோடி கோடியாய் வசூலித்த "காஞ்சனா" (2011), "அரண்மனை" (2014) முதலிய பேய்ச் சிரிப்புப் படங்களிலோ பேய் மெய்! அதுவும் ஒரு பாகம் போதாதென்று பாகம் பாகமாக மெய்! "காஞ்சனா"வில் திருநங்கை ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை சொல்லப்பட்டிருக்கின்றது; அது நல்ல காரியந்தான். ஆனால் நியாயம் எப்போது கிடைக்கின்றது? செத்துப் பேயாக வந்த பிறகு. உயிரோடிருந்தபோது கோர்ட்டில்லை, போலீசில்லை, ஊரில்லை. இதே நாட்டில் 1966-ல் வந்த "யார் நீ" படத்தில் பேயாக நடமாடிய பெண்ணுக்குப் பின்னால் இருந்தது சொத்தாசை என்று காட்டி முடித்தார்கள். ஐம்பது வருஷத்தில் முன்னேறினோமா, பின்னேறினோமா?

படிப்பகத் தோழர்களிடம் இதையெல்லாம் பேசினோம். முதலில் சண்டை வந்தது. "சிரிக்கக்கூட உம்மிடம் சீட்டு வாங்க வேண்டுமா?" என்று ஒருவர் கோபித்துக் கொண்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கின்றது. நல்ல வேளையாக அந்தப் பையனும் அங்கே இருந்தான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "படத்தைக் காட்டுங்கள் ஐயா. ஆனால் அவன் ஓடுகிற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள்" என்றான். நிறுத்தி என்ன சொல்வது என்று கேட்டதற்கு, "ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் நிஜப் பெயரைச் சொல்லுங்கள்" என்றான்.

ஸ்க்ரூனோவாக நடித்தவரின் பெயர் எர்னஸ்ட் மாரிசன். 1912-ல் நியூ ஆர்லியன்சில் பிறந்தவர். தவழும் வயதிலேயே திரைக்கு வந்தவர். 1922-ல் தொடங்கிய "அவர் கேங்" சிறுவர் படங்களின் முதல் நடிகர்களில் ஒருவர். அடுத்த சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குப் படிப்பகத்தில் அதே படம் மறுபடியும் காட்டப்படும். இம்முறை யந்திரத்தை நிறுத்தும் வேலை அந்தப் பையனிடம் கொடுக்கப்பட்டிருக்கின்றது.